வீடுகளின் முதுகு

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அது வீடுகளுக்கும் பொருந்தும் என்பதை அந்தப் புதுக் குடியிருப்பில் முதலில் கண்டவள் டிரோன்காரிதான். அதற்காக அவள் பட்ட பாட்டைக் கேட்டால் காக்கைகூட இரக்கப்படும்.

கல்யாண ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு, கையிலிருந்த சேமிப்பைப் போட்டு அவள் டிரோன் வாங்கியிருந்தாள். வீடு விற்பவர், வாடகைக்கு விடுபவர், புதிதாகக் கட்டுபவர் என்று நாளுக்கு நாள் பெருகும் இடத்தில் வானத்திலிருந்து படம் எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் அங்கே பறக்க விடக் குடியிருப்போர் சங்கம் இசைய வேண்டும். சங்கத் தலைவரோ, "முதல்ல நம்ம குடியிருப்ப முழுசா ஒரு படம் எடுத்துக் காட்டும்மா. எல்லாருக்கும் பிடிச்சிருந்தா அனுமதி" என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் பிடித்த படத்தை உலகில் எவரும் எடுத்ததில்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

படம் கண்ணாடிபோலத் தெளிவாக வந்தது. வந்த வினையே அதுதான். தெருப்பக்கம் பளிங்கு பதித்து மினுக்கிய வீடுகளின் மொட்டைமாடிகளில் செத்துப்போன வாஷிங் மெஷின், பஞ்சு பிதுங்கிய மெத்தை, பெயர்த்தெடுத்த கழிப்பறைக் கோப்பை எல்லாம் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. சங்க அறையில் ஒருவரும் தம் மாடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்தவர் மாடியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார்கள். முடிவில், எல்லாரும் சுத்தம் செய்வது, ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி எடுப்பது என்று தீர்மானமாயிற்று.

ஞாயிறன்று டிரோனை ஏற்றியவள் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாடிகளெல்லாம் துடைத்த தட்டுகள்போல இருந்தன. அத்தனை குப்பையும் குடியிருப்பின் நடுவே இன்னும் வீடு கட்டாமல் கிடந்த காலிமனையில் மலையாகக் குவிந்து, படத்தின் நட்டநடுவே மாப்பிள்ளைபோல வீற்றிருந்தது.

"அத கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டுப் புல்லு போட்டுடேன்" என்றார் தலைவர்.

"புல்லுன்னு நம்பி வீடு வாங்க வர்றவங்க முன்னாடி நான் எப்படி சார் நிப்பேன்? இருக்கறதத்தான் எடுப்பேன்."

"அப்ப அனுமதி இல்லம்மா."

வீட்டுக்கு வந்து டிரோனைப் பெட்டியில் வைத்து மூடினாள். அழித்துத் தொலைத்திருக்கலாமே என்று தொடங்கிய கணவன், அவள் பார்த்த பார்வையில் வெங்காயம் நறுக்கப் போய்விட்டான்.

மறுநாளே கைப்பேசி அலறத் தொடங்கியது. காலிமனையில் கொட்டியவர் யார் என்று சங்கத்துக்குள் சண்டை மூண்டிருந்தது. மூலைவீட்டு அக்கா குரலைத் தாழ்த்தி, "இன்னமும் யார் கொட்டுறாங்கன்னு மேல விட்டுப் பாரும்மா. எங்க வீட்டு மேல மட்டும் வந்துடாத" என்றாள். அடுத்தடுத்து அழைத்தவர்களும் அதையே, அதே நிபந்தனையோடு கேட்டார்கள். சங்கம் இசையாமல் டிரோனைத் தொடமாட்டேன் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

ஆகவே சங்கம் மீண்டும் கூடியது. தம் வீட்டுக்கு மேலே தவிர வேறெங்கும் பறக்கலாம் என்று ஒவ்வொருவரும் பெருந்தன்மையோடு சம்மதித்தார்கள். சம்மதங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், காலிமனைக்கு மேலிருந்த ஆகாயம் ஒன்றுதான் மிஞ்சியது.

"அந்த மனைக்கு மேல மட்டும்தான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரக் கூடாது" என்று தலைவர் அழுத்திச் சொன்னார். அதே மூச்சில் அவளுடைய முதல் வேலையையும் கொடுத்தார். அவர் வீட்டு மேல்தளம் வாடகைக்கு விடப்பட இருந்தது. விளம்பரத்துக்கு ஒரு படம் வேண்டுமாம்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பைமேட்டோரம் நின்று டிரோனை நேர் மேலே ஏற்றினாள். சொன்ன சொல் தவறாமல் அது அங்கேயே நின்றது. காமிரா மட்டும் தலையைச் சாய்த்து மெல்லச் சுற்றிவந்தது.

தலைவர் அருகில் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "நம்ம வீடு தெரியுதாம்மா?"

"எல்லார் வீடும் தெரியுது சார்."

அவர் சற்று யோசித்தார். பிறகு, "அப்ப நம்ம வீட்ட மட்டும் கொஞ்சம் நடுவுல வையேன்" என்றார்.