எல்லாம் போட்டு இரண்டு

எவோதியோ கடைக்குள் நுழைந்தபோது என் தம்பி லெயோபார்தோ கம்பியில் சுற்றிக்கொண்டிருந்த பன்றிக்கறியைச் சீவிக்கொண்டிருந்தான். நல்ல வேளையாக அவன் முதுகு வாசல் பக்கம் இருந்தது. நான் கல்லில் டாக்கோவுக்கான சோள ரொட்டிகளைத் திருப்பிப் போட்டபடி நிமிர்ந்து பார்த்தேன். மழையில் நனைந்த மெலிந்த ஆள். சிறைக்குப் போகும்போது தொப்பையோடு போனவன். இருந்தாலும் அந்த முகத்தை நான் மறப்பேனா?

"நல்லா சாப்பிடுங்க," என்றான், கடையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாக.

மெக்சிகோ நகரத்தில், எங்கள் இஸ்தபலாபா பக்கம் எந்தக் கடைக்குள் போனாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவோம். கிளம்பும்போதும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். சொன்னவன் திருடனாக இருந்தாலும், வாய் நிறைய கறி இருந்தாலும், 'நன்றி' என்று பதில் வந்துவிடும். அன்றைக்கு ஒரு குரல்கூட வரவில்லை. எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். தொலைக்காட்சியில் பந்தாட்டம் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

இவன்தான் குடித்துவிட்டு மினிபஸ் ஓட்டி, மருந்துக்கடை முனையில் யாதிராவை அடித்துக் கொன்றவன். யாதிரா என் தம்பி மகள். நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையில் தாய்க்காரி விட்டுவிட்டு ஓடிப்போக, குளிப்பாட்டி, தலைவாரி, திட்டி, அடித்து வளர்த்தவள் நான். தீர்ப்பு வந்த நாளில் லெயோ அழவில்லை. நீதிமன்ற வாசலில் இவனைப் பார்த்து, "வெளிய வந்ததும் நம்ம கடைக்கு வா. கத்தியோட காத்திருப்பேன்," என்று மட்டும் சொன்னான். லெயோ வாய்ச்சொல் வீரன் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தாயிற்று, இனி தம்பியையும் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு நான் யாரோடு இருப்பேன் என்ற பயத்தில்தான் இவன் உள்ளே இருந்த அத்தனை வருடமும் என் தூக்கம் போயிற்று.

எவோதியோ நேரே வந்து, கறி சுற்றும் இடத்துக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். இடையில் ஒரு முழ அகலப் பலகை மட்டும்.

லெயோ திரும்பினான். பார்த்தான். கத்தி கறியில் பாதி இறங்கியபடி நின்றது.

எப்போதும் ஓரத்தில் உட்காரும் முடிதிருத்துகிற தோன் பிளாசிதோ என் பக்கம் சாய்ந்து, "தெஞ்சா, போலீசுக்குப் போன் போடவா?" என்று கிசுகிசுத்தார்.

"போட்டு என்னன்னு சொல்லுவீங்க? ஒருத்தன் சாப்பிட வந்துட்டான்னா? வாய மூடிக்கிட்டு உக்காருங்க."

"மாஸ்டர்," என்றான் எவோதியோ. "நீங்க வரச் சொன்னீங்க. வந்துட்டேன். எந்த முக்குல நிப்பீங்க, எப்ப வருவீங்கன்னு பயந்து பயந்து என்னால நடக்க முடியல. எது செய்றதா இருந்தாலும் இங்க வெளிச்சத்துல செஞ்சிருங்க."

என்ன திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவளைவிட இவனுக்கு இவன் பயம் பெரிதாம்.

கறியிலிருந்து கொழுப்பு சொட்டித் தீயில் பொரிந்தது. பிறகு லெயோ, எல்லோரிடமும் கேட்பதையே கேட்டான்.

"எத்தன?"

"ரெண்டு."

"எல்லாம் போட்டா?"

"எல்லாம் போட்டு."

கத்தி மறுபடி அசைந்தது. சீவின கறி ரொட்டியில் விழவில்லை, பலகையில் விழுந்தது. என் தம்பியின் கை அப்படித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. கம்பியின் உச்சியில் செருகியிருக்கும் அன்னாசியைச் சுண்டி, காற்றிலேயே ரொட்டியில் பிடித்து, பிள்ளைகளைக் கைதட்ட வைக்கிறவன் அவன். கத்தியை உயர்த்தினான். அப்படியே நின்றான்.

"லெயோ," என்றேன். "டேய்."

கத்தியைத் திருப்பி, பிடியை என் பக்கம் நீட்டினான். "நீ சீவுக்கா. என்னால ஆகாது. நான் கல்லப் பாத்துக்கறேன்."

அந்தக் கத்தியை அவன் யாரையும் தொடவிட மாட்டான். நானே ஒருமுறை கழுவப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கத்தியை வாங்கிக்கொண்டேன். இடம் மாறி நின்றோம். அப்பாடா, தம்பி தப்பித்தான் என்று நினைத்தேன். சீவினேன். கொத்தமல்லி, வெங்காயம், ஒரு துண்டு அன்னாசி. கழுவாமலிருக்கப் பிளாஸ்டிக் பை மாட்டிய தட்டில் வைத்து அவன் முன்னால் தள்ளினேன்.

எவோதியோ எலுமிச்சையைப் பிழிந்து, சிவப்பு மிளகாய்ச் சல்சாவை ஊற்றி, சாப்பிட ஆரம்பித்தான்.

டாக்கோ சாப்பிடுகிறவன் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது. சட்டையெல்லாம் சாறு வழியும். கழுத்தை முன்னால் நீட்டி, தலையைச் சாய்த்து, தட்டுக்கு மேலே குனிய வேண்டும். அவனும் அப்படித்தான் குனிந்தான். பிடரியில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காதுக்குக் கீழே ஒரு நரம்பு, மெல்லும்போதெல்லாம் எழும்பி எழும்பி அடங்கியது. என் கைக்கு எட்டும் தூரம். கையில் கத்தி.

தம்பியைப் பற்றியே பயந்துகொண்டிருந்த எனக்கு, என்னைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. பசி மாதிரி ஆசை. யாதிராவின் ஒற்றைச் செருப்பைத்தான் எனக்குக் கொடுத்தார்கள், இன்னொன்று கிடைக்கவே இல்லை. அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. ஒரே ஒரு வீச்சு போதும் என்று கை சொன்னது.

தலையைத் தூக்காமலே எவோதியோ மெல்லுவதை நிறுத்தினான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடவில்லை. குனிந்தபடியே காத்திருந்தான்.

"அக்கா," பின்னாலிருந்து லெயோவின் குரல். "கறி தீயுது."

பார்த்தேன். தீப்பக்கம் கறி கருகிக்கொண்டிருந்தது. கம்பியைத் திருப்பினேன். கருகினதைச் சீவி எறிந்தேன். சீவினேன், சீவிக்கொண்டே இருந்தேன், யாரும் கேட்காமலே பலகையில் கறி மலையாகக் குவிந்தது.

எவோதியோ இரண்டையும் முடித்தான். துடைத்துக்கொண்டான். பணத்தைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் போய் நின்று, முகத்தைத் திருப்பாமல் சொன்னான்.

"நல்லா சாப்பிடுங்க."

"நன்றி."

யாருடா அது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய்தான். காலமெல்லாம் இந்தக் கல்லுக்குப் பின்னால் நின்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சொல்லிப் பழகிய பாழாய்ப்போன வாய். எவோதியோவின் தோள் ஒருமுறை குலுங்கியது. மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. யாதிராவின் அப்பன் பக்கத்தில் நிற்கும்போது அவளைக் கொன்றவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

"லெயோ, வாய் தவறி வந்துருச்சுடா. சத்தியமா நான் சொல்லல."

கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவன் கையை நீட்டினான், உடனே இழுத்துக்கொண்டான். பிடித்து விரித்துப் பார்த்தேன். விரல்களின் குறுக்கே ஒரே கோடாகத் தோல் வெந்து கொப்பளித்திருந்தது. எவோதியோ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இவன் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"அடப்பாவி," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு போய்ச் சோடா வைத்திருக்கும் ஐஸ் தொட்டியில் கையை அமுக்கினேன். சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா," என்றான் கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீரையே பார்த்தபடி. "எனக்கும் 'நன்றி'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."