பேட்டரி குடித்த ஜம்ஜம்

தகிய்யா தினமும் தொழுது முடித்து துஆ கேட்கும்போது, சார்ப்பில் கிடக்கும் இரண்டு பேட்டரிகளையும் விடாமல் சேர்த்துக்கொள்வாள். பகலெல்லாம் கூரைமேல் இருந்த சோலார் தகட்டிலிருந்து வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவெல்லாம் அவைதான் சின்னக் குளிர்ப்பெட்டியை ஓட்டின. பெட்டிக்குள் மகள் அர்வாவுக்கு நாலு மாதத்துக்கான இன்சுலின். ஹுதைதா நகரத்திலிருந்து அது வந்து சேர்வதற்குள் பெற்றவளுக்கு உயிர் போய் உயிர் வரும். திஹாமாக் கடலோர வெக்கையில் வெளியே வைத்தால் அவ்வளவுதான், கெட்டுப்போகும்.

அன்று விடியுமுன் பெட்டி நின்றுவிட்டது. நல்லவேளை, மருந்து சூடேறுமுன் சூரியன் வந்து காப்பாற்றியது. இன்று ராத்திரி என்ன செய்வது?

அஸர் தொழுகைக்குப் பிறகு ஸபீத் டவுனிலிருந்து பேட்டரிக்காரர் முஸ்இத் மோட்டார் சைக்கிளில் வந்தார். மூடிகளைத் திருகி, கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்தார். ஆசிட்டின் வீரியத்தைக் காட்டும் மிதவை அதற்குள் எழும்பவே இல்லை.

"தங்கச்சி, யாரு இப்படிக் கழுத்துமுட்ட ஊத்துனது? பொங்கி, ஆசிட்டெல்லாம் வெளிய போயிருக்கு. உள்ள இருக்கறது வெறும் தண்ணி."

"நான் தொடவே இல்ல காக்கா."

அவள் புருஷன் ஹஸ்ஸாவுக்கு அந்த நேரம் பார்த்து ஆட்டுக் கயிற்றை அவிழ்த்துக் கட்டும் வேலை வந்துவிட்டது.

"என்னங்க, உங்களைத்தான்! கன்னத்துல காத் இலை அடைச்சா பேச்சும் அடைச்சுக்குமா?"

"ஜம்ஜம்" என்றான் ஹஸ்ஸா, ஆட்டைப் பார்த்தபடி.

"என்னது?"

"உம்ரா யாத்திரை போன இடத்துல புள்ளைக்காக அழுது துஆ கேட்டு, அந்தப் புனிதத் தண்ணியையும் கொண்டாந்தேன். திரும்பி வந்து பார்த்தா, அவ உசிரைக் காத்துக்கிட்டு இதுங்க இங்க கிடக்குது. இதுங்களுக்கும் ஒரு வாய் கொடுப்போம்னு..."

"ஒரு வாயா? ஒரு கேனு!" முஸ்இத் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஹாஜியாரே, ஜம்ஜம்ல ஒரு குறையும் இல்ல. குடிச்ச வாய்தான் தப்பு. இதுக்கு உப்புச்சத்து இல்லாத பேட்டரித் தண்ணிதான் ஆகும்."

"அடப்பாவி மனுசா!" என்று தகிய்யா கத்தினாள். கத்திய பிறகுதான் அவளுக்கு அது நினைவு வந்தது. தன் கூடப்பிறந்த அக்காவுக்கே அந்த ஜம்ஜம்மில் ஒரு மிடறுதான் அளந்து கொடுத்த மனுஷன் இவன்.

"கழுவி, புது ஆசிட் ஊத்தி, சார்ஜ் ஏத்தி, நாளைக்குச் சாயந்தரம் தந்துடுவேன். இன்னைக்கி ராத்திரிக்குத்தான் வழி வேணும்" என்றார் முஸ்இத். "இந்த ஊர்ல பெரிய பேட்டரி இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

பள்ளிவாசல் மைக் பேட்டரி! அதைப் போய் எந்த முகத்தோடு கேட்பது? ஹஸ்ஸா பள்ளிவாசல் பக்கம் கிளம்பிப் போனான்.

வெயில் தாழ்வதற்குள் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. ஹஸ்ஸாவோடு சேர்ந்து, பாங்கு சொல்லும் மோதினார் நாஜியும் மைக் பேட்டரியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மைக்கு ஒரு நாள் தூங்கட்டும்" என்றார் நாஜி. "அல்லாஹ்வுக்குக் காது நல்லாக் கேக்கும். உங்களுக்கெல்லாம்தான் மைக்கு."

முஸ்இத் கம்பிகளை முறுக்கினார். பெட்டி ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அர்வா உள்ளே ஓடிப்போய், ஜம்ஜம் கேனின் அடியில் தங்கியிருந்ததைக் கோப்பையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"மோதினார் மாமா, உங்க தொண்டைக்கு."

நாஜி தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து உட்கார்ந்து, மூன்று மிடறாகக் குடித்தார்.

பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகைக்கு அவர் பள்ளிவாசல் கூரைமேல் ஏறி வெறும் தொண்டையில் பாங்கு சொன்னார். குரல் கரகரத்தது, நடுவில் ஒருமுறை உடைந்தது. கடைசித் தெருவிலிருந்த தகிய்யாவுக்கு, பெட்டியின் உறுமலைத் தாண்டி அது மெல்லிசாகத்தான் எட்டியது. பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, பாங்கு முடியும்வரை நின்று கேட்டாள்.

"யா ரப்பே, இந்த ஊர்ல என்னை வாழ வச்சியே" என்று வாய்விட்டு அழுதாள்.