முழங்கால் வரை ஈரம்

சுலோசனாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தான் போட்ட முடிச்சை ஒரு பொடிசு அவிழ்த்துவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. உடனே முடிச்சையே மாற்றிவிடுவாள்.

மற்றபடி நல்ல மனுஷிதான். மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற நாற்பது வீட்டு அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறாள். ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. இரும்புத் தண்டுகளை, அளவு சரிபார்க்கிற கேஜில் நுழைத்துப் பார்ப்பாள். மயிரிழை பிசகினாலும் ரிஜெக்ட். புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம், ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் என்று ஓயாமல் சொல்வாள். கதை எழுதும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போகுமோ தெரியாது.

சனிக்கிழமைதோறும் காலையில், கீழ்த்தளத்து நோட்டீஸ் போர்டில், லிஃப்ட் ரிப்பேர் அறிவிப்புக்கும் தண்ணீர் லாரி அறிவிப்புக்கும் நடுவில், துப்பறியும் தொடர்கதை ஒன்றில் ஓர் அத்தியாயம் ஒட்டுவாள். கீழே ஒரு செருப்பு அட்டைப்பெட்டி; அதன் பெயர் துப்புப் பெட்டி. திருடன் யார் என்று பிள்ளைகள் சீட்டில் எழுதிப் போடவேண்டும். போனை விட்டுவிட்டு அந்த போர்டுக்கு முன்னால் பிள்ளைகள் முட்டி மோதுவதைப் பார்த்தால் சுலோசனாவுக்குப் பெருமை தாங்காது.

இப்போது ஓடிக்கொண்டிருந்த கதையில், மூடிக்கிடக்கும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பழைய வெண்கல மணி காணாமல் போயிருந்தது. பக்கத்துத் தெருவில் நிஜமாகவே மூடிக்கிடக்கிற ஒரு பட்டறையைத்தான் எடுத்துக்கொண்டாள். வேலைக்குப் போகிற வழியில் சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்த துருப்பிடித்த கேட், வேப்பமரம், பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படியே கதையில் வந்தன. மணி மட்டும் கற்பனை. தலைப்புக்கு மேலே சிவப்பு மையில் 'உண்மைச் சம்பவம்' என்றும் போட்டிருந்தாள். அது பச்சைப் பொய். ஆனால் நிஜம் என்றால்தானே பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கும்.

மணியை வாட்ச்மேன் தொட்டிக்குள் போட்டுவிட்டான் என்பதுதான் அவள் முதலில் யோசித்த முடிவு. இரண்டாம் அத்தியாயத்தில் அதற்கு ஒரு துப்பும் வைத்தாள். மழையே பெய்யாத நாளில் வாட்ச்மேனின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. அதை எவரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தாள்.

மூன்றாவது மாடி ஜெபாவின் மகள் வர்ஷா கவனித்தாள். ஆறாவது படிக்கிறாள், வயசு பதினொன்று. போன வாரம் பெட்டியில் அவள் சீட்டு கிடந்தது. 'வாட்ச்மேன் தொட்டியில் இறங்கியிருக்கிறார். மணி அங்கேதான் இருக்கிறது.' முந்தின கதையிலும் அவள் இப்படித்தான் சரியாகச் சொன்னாள். அப்போதும் சுலோசனா முடிவை மாற்றினாள். இந்தத் தடவை ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பைப்பை உடைத்து வாட்ச்மேனை நனைத்துவிட்டு, திருட்டை டீக்கடைக்காரன் தலையில் கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஒட்டினாள். மற்ற பிள்ளைகள் ஆரவாரமாகப் படித்துவிட்டுப் போனார்கள். வர்ஷா மட்டும் போகவில்லை. இரண்டு முறை படித்தாள்.

"ஈரம் பைப்பாலயா ஆன்ட்டி?"

"ஆமா கண்ணு. நீதான் அவசரப்பட்டுட்ட."

வர்ஷா படியேறிப் போனாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சுலோசனாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்பும் இருந்தது. இல்லை என்று சொன்னால், ஏழு அத்தியாயப் பொய்யோடு அது எட்டாம் பொய் ஆகிவிடும்.

நாலேகாலுக்கு ஜெபா வந்து கதவைத் தட்டினாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, ஐடி கம்பெனியில் வேலை, எதற்கும் பதறாதவள். இன்றைக்குச் செருப்புக்கூடப் போடாமல் வந்திருந்தாள்.

"அக்கா, வர்ஷா இங்க இருக்காளா? சுவேதா வீட்டுக்குப் போறேன்னு மூணு மணிக்குப் போனா. அங்க வரவே இல்லயாம்."

மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று காலைதான் விட்டிருந்தது. வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். மொட்டைமாடி, ஜெனரேட்டர் அறை, சைக்கிள் நிறுத்துமிடம் எதையும் ஜெபா பாக்கி வைக்கவில்லையாம். போர்டைக் கடக்கும்போது துப்புப் பெட்டியின் வாயில் ஒரு காகித நுனி நீட்டிக்கொண்டிருந்ததை சுலோசனா பார்த்தாள். அத்தியாயம் ஒட்டிய அன்றைக்கே எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது. உருவிப் பிரித்தாள்.

'பைப் பொய். தொட்டிதான் சரி. நான் மணியோட வரேன். வர்ஷா.'

வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் வேண்டும்: முதலில் அவள் செய்தது அந்தச் சீட்டைக் கைக்குள் கசக்கி மறைத்ததுதான். இரண்டு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. ஆனாலும் மறைத்தாள்.

"என்னக்கா அது?"

சுலோசனா சீட்டை நீட்டினாள். "எனக்கு இடம் தெரியும் ஜெபா. வா."

ஓடும்போது ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அந்தத் தொட்டிக்கு இரும்பு மூடி உண்டு. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் நகரும். சுவருக்கு மேலாக அவளே பார்த்திருக்கிறாள். பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அடுக்ககத்துக் கேட்டில் வாட்ச்மேன் துலுக்கானம் எழுந்து நின்றார். ஐம்பத்தைந்து வயசு. அவருடைய அப்பா களையெடுத்த நிலத்தில்தான் இந்த அடுக்ககமே நிற்கிறது. இவர் அந்தப் பட்டறை மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர்.

"இன்னாமா, ரெண்டு பேரும் இப்டி ஓடியாரீங்க?"

"வர்ஷா அந்தப் பட்டறைத் தொட்டிக்குப் போயிருக்கா துலுக்கானம். மூடி கனம்தானே? அவளால தூக்க முடியாதுல்ல?"

துலுக்கானம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மூடி ஏதுமா இப்போ? போன மாசமே எவனோ பேத்து எட்த்துகினு பூட்டான். தொறந்துதான் கீது."

ஜெபா அதைக் கேட்டுவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் முதல் மாடி ஜன்னல்கள் திறந்தன. துலுக்கானம் லாரித் தண்ணீர்க் குழாயைக் கட்டிவைக்கிற நைலான் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினார்.

பட்டறைச் சுவரில் ஓர் ஆள் நுழைகிற ஓட்டை இருந்தது. உள்ளே இடுப்புயரத்துக்குப் புதர். மழை பிடித்துக்கொண்டது. வேப்பமரத்தைத் தாண்டியதும் தொட்டியின் சதுர வாய் தெரிந்தது. அதன் ஓரத்தில் இரண்டு ரோஸ் நிறச் செருப்புகள், வீட்டு வாசலில் விடுவதுபோல ஜோடியாக விடப்பட்டிருந்தன.

"வர்ஷா" என்று கூப்பிட்டாள் ஜெபா. பதில் இல்லை. தகரக் கூரையிலிருந்து வருகிற குழாய் அந்தத் தொட்டிக்குள்தான் விழுந்தது. அதன் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. சுலோசனா சேற்றில் குப்புறப் படுத்து உள்ளே தலையை நீட்டினாள்.

கண் பழகுவதற்குள் அவளுக்கு உயிரே போய் வந்தது. அப்புறம் தெரிந்தது: சுவரில் பதித்த இரும்புப் படி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஒரு தலை. தண்ணீர் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேலிருந்த படிகள் அவள் இறங்கியதில் முறிந்து, துருப்பிடித்த முளைகளாக நின்றன.

"அம்மா" என்றது அந்தத் தலை. குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

"இருக்கேன்டா தங்கம், இருக்கேன். விட்ராத." ஜெபாவும் படுத்துக் கையை நீட்டினாள். எட்டவில்லை.

துலுக்கானம் கயிற்றை வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தார். "பாப்பா, கைய உட்டுடாத. மாமா வந்துகினே கீறேன். மேல பாரு, தண்ணிய பாக்காத." கயிற்றைப் பிடித்து இறங்கினார். அவர் கால் பட்டதும் வர்ஷா பிடித்திருந்த படி சுவரிலிருந்து அரை விரல் அளவு பெயர்ந்தது. காரை பொலபொலவென்று கொட்டியது. பிள்ளையின் வாய் தண்ணீருக்குள் போய் வெளியே வந்தது. அடுத்த இழுப்பில் துலுக்கானத்தின் கை அவள் இடுப்பை வளைத்துவிட்டது. மேலே இரண்டு பெண்களும் உள்ளங்கைத் தோல் கிழியக் கிழியக் கயிற்றை இழுத்தார்கள். பேட்டைக்கு எல்லையில் நிற்கிற எல்லா அம்மனையும் சுலோசனா கூப்பிட்டாள்; ஒருத்தியாவது காது கொடுத்திருக்கவேண்டும்.

ஜெபா மகளைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டாள். வர்ஷாவின் பல் கிடுகிடுவென்று அடித்தது. அந்த நிலையிலும் அவள் சுலோசனாவைத்தான் பார்த்தாள்.

"மணி இல்ல ஆன்ட்டி. படியப் பிடிச்சுக்கிட்டே முங்கிக் காலால தேடிப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு."

அப்படியே விட்டிருக்கலாம். கன்னத்தைத் தட்டி, பரவாயில்லை கண்ணு என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். சுலோசனாவால் முடியவில்லை.

"நீ தப்பு இல்ல. மணின்னு ஒண்ணு நிஜத்துல கிடையாது. ஆனா கதையில அது தொட்டிக்குள்ளதான் இருந்துச்சு. நீ கண்டுபிடிச்சிட்ட. அதனால நான் மாத்திட்டேன்."

"எதுக்கு?"

"நீ கண்டுபிடிச்சிட்டியேன்னுதான்."

மழை அடித்துக்கொண்டிருந்தது. வர்ஷா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

ஜெபா திட்டவில்லை. எழுந்து போகும்போது, "இனிமே என் புள்ளைகிட்ட பேசாதீங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். நாலு அறை விட்டிருந்தால்கூட சுலோசனாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை அடுக்ககத்துக்காரர்கள் சேர்ந்து அந்தத் தொட்டிமேல் கான்கிரீட் பலகை போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை சுலோசனா பழைய ஏழாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, முதலில் யோசித்தபடியே எழுதிய ஏழாம் அத்தியாயத்தை ஒட்டினாள். 'உண்மைச் சம்பவம்' என்பதை எல்லாரும் பார்க்க அடித்தாள். 'இந்தக் கதை கற்பனை. சரியான விடையை வர்ஷா சொன்னாள். நான் ஏமாற்றி மாற்றினேன். போன கதையிலும் அப்படித்தான்' என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பிள்ளைகள் படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு பொடியன், "போங்காட்டம்" என்று அவள் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனான். வர்ஷா வரவில்லை.

பெட்டி ஐந்து நாள் காலியாகக் கிடந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது உள்ளே ஒரு சீட்டு இருந்தது. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். நின்றுகொண்டே பிரித்தாள்.

'ஆன்ட்டி, புது ஏழாம் அத்தியாயம் படிச்சேன். அதுலயும் தப்பு இருக்கு. வாட்ச்மேன் தொட்டியில இறங்கினா முழங்கால் வரைக்கும் எப்படி நனையும்? தண்ணி என் தலைக்கு மேல இருந்துச்சு. நீங்க முழங்கால்னு எழுதினதாலதான் எனக்குத் தரை எட்டும்னு நினைச்சு இறங்கினேன்.'

சுலோசனா படியில் உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட் இரண்டு முறை வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது.