ஏறாத ராட்டினம்

தூத்துக்குடி,
12-8-1975

அன்புள்ள கிருபைக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சுகம் விசாரித்த கையோடு மூன்றாவது வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாய். "ராட்டினத்துக்குப் பயந்து கல்யாணத்தையே விட்டுவிட்டாயாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறாய். உன் வீட்டுக்காரர் எபனேசர் அண்ணன் இங்கே கருப்பட்டிக் கடையில் கேட்ட பேச்சு, எட்டயபுரம் போய்ச் சேருவதற்குள் இப்படி ஆகியிருக்கிறது. பயந்தது உண்மை. மற்றது சரியில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே சொல்.

மாப்பிள்ளை பெயர் ரோச். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் தண்டல். அதாவது தோணி அவர் சொன்னபடிதான் போகும். நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்கு மாதம் இரண்டு முறை தாள்களோடு வருவார். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு தாளையும் முழுக்கப் படிப்பார். நான் டைப் அடித்ததில் ஒரு நாள் தப்புக் கண்டுபிடித்தார், அதையும் மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, கிருபை. இதை மறைத்துவிட்டு மீதியை எழுதினால் கதை வேறாகிவிடும். எனக்கு வயது இருபத்தேழு. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து நின்றுபோனது உனக்குத் தெரியும். அம்மா போன பிறகு என்னை வளர்த்த பிளாரன்ஸ் சித்தி, இது மூன்றாவது என்று குசினியில் அடுப்பு முன்னால் நின்று எனக்குக் கேட்கும்படியாகவே பெருமூச்சு விடுவாள்.

ரோச்சின் அம்மா பிலோமினா மாமி. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த வீட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை. மாதா கோயில் திருவிழாவை ஒட்டிப் பொருட்காட்சி போடுவார்கள் அல்லவா, அங்கே பெரிய ராட்டினத்தில் பெண்ணை ஏற்றுவார்கள். மாப்பிள்ளையும் கூட உட்கார வேண்டும். இறங்கியதும் மாமி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பார். அதைத் தளும்பாமல் கையில் பிடித்துக்கொண்டு இருபது அடி நடந்து காட்ட வேண்டும். நடந்துவிட்டால் அன்றைக்கே பேச்சு முடிந்துவிடும். மாமியின் கொழுந்தனார் ஒருவர் தோணியோடு கடலில் மூழ்கிப் போனார். அவர் பெண்டாட்டிக்கு அடிக்கடி மயக்கம் வருமாம். இரண்டையும் மாமி முடிச்சுப் போட்டுக்கொண்டார். வீட்டில் இருக்கிறவளின் தலை நிலையாக நின்றால்தான் கடலில் இருக்கிறவன் தோணி நிலையாக நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. மூத்த மருமகள்கள் இரண்டு பேரும் இப்படிச் செம்பு பிடித்து வந்தவர்கள்தான்.

என் தலையைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை. சாயர்புரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து திருச்செந்தூர் கூட்டிப்போனபோது, பஸ்ஸில் உன் சாப்பாட்டுத் தூக்குக்குள் நான் என்ன செய்தேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

சித்தி அதை மறைத்து, "எங்க பிள்ள வருசா வருசம் ராட்டினம் ஏறுவா" என்று மாமியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது திருவிழா அன்று காலையில். பாதி மாத்திரையும் ஒரு எலுமிச்சம்பழமும் கொண்டு வந்து கையில் வைத்தாள்.

"இத முழுங்கிட்டு, பழத்த மோந்துக்கிட்டே ஏறிரு. மூணே சுத்து."

"பொருட்காட்சிக்கு வாரேன் சித்தி. ராட்டினம் ஏற மாட்டேன்."

"ஏறாம அங்கன போயி என்னளா செய்யப் போற?"

"சந்தோசமா இருக்கப் போறேன்."

சித்தி மாத்திரையைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் சந்தித்தோம். புழுதியை வாரி இறைத்துக்கொண்டு காற்று. மாமி பட்டுச்சேலையில் வந்திருந்தார், கையில் துணிப்பை. அதற்குள் செம்பு இருப்பது வெளியே புடைத்துத் தெரிந்தது. இரண்டாவது மருமகள் அந்தோணியம்மாளும் கூட வந்திருந்தாள். ரோச் வெள்ளைச் சட்டையில், ஆபீசுக்கு வரும்போது இருப்பதைவிட ஒடுங்கிப்போய் நின்றார்.

"முதல்ல ராட்டினத்த முடிச்சிருவோம். பெறகு ஆற அமர சுத்திப் பாக்கலாம்" என்றார் மாமி.

"நான் ஏறல மாமி. மத்த எல்லாம் பாக்கலாம்."

மாமி சிரித்தார். "வெக்கப்படுதா."

"வெக்கம் இல்ல மாமி. தல சுத்தும். வாந்தி வரும்."

சித்தி என் முழங்கையில் கிள்ளினாள். மாமி அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன பிளாரன்ஸு, வருசா வருசம் ஏறுவான்னு சொன்ன?"

"சின்னதுல ஏறுவா..."

"சின்னதுலயும் ஏறுனதில்ல" என்றேன் நான்.

"தண்டல் வீட்டுக்கு வாரவளுக்குத் தல சுத்துனா எப்பிடிளா?"

"தோணி ஓட்டப் போறது அவுகதான மாமி. நான் டைப் அடிக்கத்தான போறேன்."

அந்தோணியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கோபப்படாமல், "கொஞ்சம் சுத்தட்டும். பயம் தெளிஞ்சிரும்" என்றார். ராட்டினத்துக்கு இரண்டு டிக்கெட்டும் வாங்கி உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டார். பொழுது சாயும்வரை அந்தக் கை விரியவே இல்லை.

சித்தி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஏறாமல் என்ன செய்வேன்? செய்து காட்டினேன்.

கண்ணாடி மண்டபத்துக்குள் முதலில் நுழைந்தவள் நான்தான். ஒரு கண்ணாடியில் நான் உப்பு மூட்டை மாதிரி இருந்தேன். அடுத்ததில் மாமி ஒல்லியாக நீண்டு நின்றார். "ஊளி மீன் மாதிரி இருக்கீய மாமி" என்றேன். ஆளில்லாத பக்கமாகத் திரும்பிச் சிரித்தாரே தவிர, கண்ணாடியை விட்டு அவர் உடனே நகரவில்லை. மீன்வளத்துறை ஸ்டாலில் முத்துச்சிப்பியைப் பாட்டிலில் போட்டு வைத்து ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சிப்பியை எத்தனை நாள் அழுக விட்டு முத்தெடுப்பார்கள் என்பதில் மாமிக்கும் அவருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. மாமியின் அப்பா முத்துக்குளித்தவர். "ஒங்களுக்குப் புஸ்தகத்துல தெரியும். எங்களுக்கு மூக்குல தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த நேரம் அவர் ராட்டினத்தையே மறந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

புதுத் துறைமுகத்தை மாவுக்கல்லில் சின்னதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதில் ஒரு தோணி. அதைப் பார்த்ததும்தான் ரோச்சுக்கு வாய் திறந்தது.

"பாய எதுத்த பக்கம் கெட்டி வச்சிருக்கான். இந்தத் தோணி கொழும்புக்குப் போகாது. நேரா நம்ம கோயில் வாசலுக்குத்தான் வரும்."

"திருவிழாவுக்கு வாரது போல" என்றேன்.

சிரித்தார். ஆபீஸ் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பது போலவே இல்லை. நானும் அவரும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றோம். என் ஆபீஸ் எங்கே, அவர் தோணி கட்டும் இடம் எங்கே என்று விரலால் காட்டிக்கொண்டோம். நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

வளையம் எறிகிற கடையில் நான் எறிந்த மூன்றாவது வளையம் ஒரு சோப்புப் பெட்டியின் மேல் சரியாக விழுந்தது. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை மேலே ஏறி நின்று பார்த்தோம். பலகை அதிர்ந்தது. எனக்குப் பார்க்கும்போதே கிறுகிறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். சத்தமே போதுமாயிருந்தது. இறங்கி வந்து மிளகாய் பஜ்ஜியும் மக்ரூனும் மாற்றி மாற்றித் தின்றேன். சித்தியே ஒரு கட்டத்தில், "மெல்லத் தின்னுளா, நாக்கக் கடிச்சிராத" என்றாள்.

ஆறரை மணிக்கு ராட்டினத்தில் விளக்குப் போட்டார்கள். அது அழகாகத்தான் இருந்தது, கிருபை. நான் அண்ணாந்து பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். மாமி அப்போது உள்ளங்கையை விரித்தார். டிக்கெட் வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

"போதும் வெளையாட்டு. ஏறுனா இன்னைக்கே பேச்ச முடிச்சிருவோம். ஏறலன்னா இதோட விட்ருவோம்."

எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். சித்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது சம்பந்தம். ஒரே ஒரு நிமிஷம், எலுமிச்சம்பழத்தைக் கேட்டு வாங்கிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. மறைக்கவில்லை.

ரோச் பக்கத்தில் வந்தார். "மூணு சுத்துதான். கண்ண மூடிக்கிடுங்க. நான் பிடிச்சிக்கிடுதேன்."

"நீங்க பிடிச்சிக்கிடுவீய, தெரியும். எறங்குன பெறகு செம்ப நான்தான பிடிக்கணும்?"

அவர் அம்மாவின் பையைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கும் ஒரு பரீச்ச வச்சிருவமா? மரணக் கெணத்துல ஒரு சுத்து ஓட்டிட்டு வாரீயளா? எங்க சித்தி செம்போட நிப்பா."

தெருப் பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியின் முகம் சிவந்தது.

"வாய் ரொம்ப நீளம் ஒனக்கு."

"ஆமா மாமி. காலுதான் தரைய விட்டு எந்திரிக்காது."

மாமி பைக்குள்ளிருந்து செம்பை எடுத்தார். சோடாக் கடையில் நிறையத் தண்ணீர் வாங்கி, விளிம்பு வரை தளும்பத் தளும்ப என் முன்னால் நீட்டினார். இதைப் பிடிக்க ஏறிவிட்டு வா என்று அர்த்தம். பஜ்ஜி தின்றதில் எனக்குத் தொண்டை காய்ந்திருந்தது. இரண்டு கையாலும் செம்பை வாங்கி, அண்ணாந்து, கீழே ஒரு சொட்டுச் சிந்தாமல் முழுவதையும் குடித்தேன். முந்தானையால் செம்பைத் துடைத்து மாமி கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்ல தண்ணி மாமி" என்றேன்.

மாமி செம்பைப் பைக்குள் போட்டார். என் சித்தியின் கையைப் பிடித்தார். "வா பிளாரன்ஸு. டிக்கெட்ட வீணாக்க வேண்டாம். நாம ஏறுவோம்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். பொய் சொன்னதற்குத் தண்டனை என்று சித்தி நினைத்துக்கொண்டாளோ என்னவோ, மறுக்காமல் போனாள். சோப்புப் பெட்டியையும் இருவர் செருப்பையும் நான் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் மேலே போனதும் அந்தோணியம்மாள் என்னை ஒட்டி வந்து நின்றாள். கண் ராட்டினத்தின் மேலேயே இருந்தது.

"நான் எறங்கி வந்து செம்பப் பிடிச்சு இருவது அடி நடந்தேன். பெறகு கோயில் செவத்துக்கு அந்தப் பக்கம் போயி குடலே வெளிய வாரது போல எடுத்தேன். பெரிய மதினிதான் என் முதுகத் தடவி விட்டா. அவளும் அப்பிடித்தானாம்."

ரோச் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அதுவரை தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணன் தோணிக்கு இந்த நாலு வருசத்துல ஒரு கீறல் விழலயே மதினி" என்றார்.

"அத ஒங்க அம்மாட்ட நீங்க சொல்லுங்க கொழுந்தரே. நான் அங்கன இன்னும் சோறு பொங்கணும்."

மாமியும் சித்தியும் இறங்கினார்கள். மாமி ஆடாமல் அசையாமல் நடந்து வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். சித்திதான் நேராகப் போய்ப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமி செருப்பை மாட்டிக்கொண்டு, "நாங்க வாரோம்" என்று மட்டும் சொன்னார். சம்பந்தம் இதோடு நின்றது என்று அதற்கு அர்த்தம். போகும்போது ரோச் ஓரடி பின்தங்கினார்.

"நாளைக்கும் வருவீயளா?"

"பொருட்காட்சி முடியுத வர தெனமும் வருவேன். ஏற மாட்டேன்" என்றேன்.

சொன்னபடி ஆபீஸ் விட்டதும் தினமும் போகிறேன். ரோச் நாலு நாள் வந்தார். முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். செம்பு பிடித்தவர்களுக்கும் வாந்தி வந்தது, யார் என்று கேட்க வேண்டாம், தோணிக்கு ஒன்றும் ஆகவில்லை, ராட்டினம் இல்லாமலேயே பெண் கேட்கப் போகிறேன் என்று. மாமி இரண்டு நாள் அவருக்குச் சோறு போடவில்லை. மூன்றாம் நாள் போட்டார், பேசவில்லை. நேற்று மாமி எனக்கு ஆள் விட்டிருந்தார். அடுத்த வருஷத் திருவிழாவுக்குள் பழகிக்கொள்வேனா என்று கேட்டு. அடுத்த வருஷமும் ஏற மாட்டேன், ஆனால் கண்ணாடி மண்டபத்துக்கு மாமியோடு எத்தனை தடவை வேண்டுமானாலும் வருவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ரோச் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மா வருவார்களா என்று கேட்டேன். "கூப்பிட்டிருக்கேன். வரலன்னாலும் நான் வருவேன்" என்றார். வந்தால் மாமிக்கு உட்கார நாற்காலி போட்டு வைக்கிறேன். செம்பு மட்டும் வேண்டாம், எங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன்.

எனவே எபனேசர் அண்ணனிடம் சொல். நான் எதையும் விட்டுவிடவில்லை. ஏறவில்லை, அவ்வளவுதான்.

பொருட்காட்சி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று சுதந்திர தினம், நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடமும் கொடியேற்றியதோடு விடுமுறை. மத்தியான பஸ்ஸில் புறப்பட்டு வந்துவிடு. உனக்கு ராட்டினம் பிடிக்கும் என்று தெரியும். நீ தாராளமாக ஏறு. உன் செருப்பையும் பையையும் நான் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் என்னைத் தெரியும், மஞ்சள் சேலை கட்டியிருப்பேன்.

அன்புடன்,
அல்போன்சா