பத்மநாதன் கடைப் படம்

ஜெயகௌரி விழிக்குமுன் அவள் கை விழித்துவிடும். கட்டிலோரம் துழாவிப் போனை எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் வந்ததையெல்லாம் பல் துலக்குமுன்பே நாலு பேருக்குத் தள்ளிவிடுவாள். வரி கூடப்போகிறதாம், விசாவை நிறுத்தப்போகிறார்களாம், மஞ்சள் தண்ணீர் குடித்தால் முழங்கால் நோவு பறந்துவிடுமாம். உண்மையா பொய்யா என்று பார்க்க அவளுக்கு ஏது நேரம்? லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து காலை ஷிப்டுக்கு ஓட வேண்டும்.

அன்று காலை வந்தது இது: "பத்மநாதன் கடை நட்டத்திலை விழுந்திட்டுதாம். பழைய சாமான்தான் விக்கிறாராம். கவனம்." விலைவாசி ஏறி, அதே தெருவில் வேறு கடைகளும் பூட்டிக் கிடக்கிற காலம். நம்பினாள், தள்ளியும் விட்டாள்.

ஆனாலும் மாலையில் கறிவேப்பிலைக்கு அந்தக் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. உள்ளே ஒரு குஞ்சு குருவிகூட இல்லை. பத்மநாதன் கல்லாவில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ தங்கச்சி. மாசக் கடைசியோடை பூட்டுறன்."

"அப்ப அந்தக் கதை உண்மைதானோ அண்ணை?"

"கதைதான் அதை உண்மையாக்கினது. சனம் வரேல்லை. சாமான் தாறவனும் கேள்விப்பட்டு லொறியை நிப்பாட்டிட்டான். போன மாசம் கோயில் தேருக்கு அன்னதானத்துக்கெண்டு இருந்த அரிசி பருப்பெல்லாம் ஏத்தி அனுப்பினனான். ரெண்டு நாள் சாமான் அடுக்கிற றாக்கை வெறுமையாக் கிடந்தது. அதை ஆரோ படம் எடுத்துப் போட்டிட்டினம்."

ஜெயகௌரி கறிவேப்பிலைக் கட்டைக் கல்லாவில் வைத்தாள். ஆரோ அல்ல, அவளேதான். தேருக்கு முதல்நாள் பஸ்ஸிலிருந்து கடைக் கண்ணாடி வழியே வெறும் றாக்கைகளைப் படமெடுத்து, "அண்ணைக்கு என்ன கஷ்டமோ" என்று குழுவில் போட்டவள் அவள். அவள் விட்ட கதை ஊரெல்லாம் சுற்றிக் கொழுத்துத் திரும்பி வந்தபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மறுநாள் அன்னதானத்தில் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவளும் அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"படம் போட்டது நான்தான் அண்ணை" என்றாள். அங்கேயே நின்று போனில் குரலைப் பதிந்து குழுவுக்கு அனுப்பினாள்.

"நான் ஜெயகௌரி பேசுறன். பத்மநாதன் அண்ணையின்ரை றாக்கை வெறுமையாக் கிடந்தது நாங்கள் தேருக்குச் சாப்பிட்ட சோத்தாலை. விசாரிக்காமல் படம் போட்டது என்ரை பிழை. சனிக்கிழமை நான் கடையிலை நிப்பன். வந்து உங்கடை கண்ணாலை பாருங்கோ."

சனிக்கிழமை வரிசை பஸ் தரிப்பிடம் வரை நீண்டது. குழுவில் இருந்த றொசானா லண்டனின் மறுமுனை வால்தம்ஸ்டோவிலிருந்து ரயில் மாறி வந்து இறங்கினாள். சேதி கேட்ட லொறிக்காரரும் மத்தியானமே சாமானோடு வந்து நின்றார். பத்மநாதன் பை கட்டிக் கட்டிக் கை ஓய்ந்தார், முகத்தில் சிரிப்பு மட்டும் ஓயவில்லை. கடை தப்பிவிட்டது.

அந்தக் கிழமையிலிருந்து ஜெயகௌரியின் போன் இரவில் குசினியில் கரண்டி வைக்கும் லாச்சிக்குள் படுக்கிறது. தேத்தண்ணி குடித்து, ஜன்னலால் தெருவைப் பார்த்து, தலை தெளிந்த பிறகுதான் அதை எடுக்கிறாள். அடுத்த சனிக்கிழமையும் அவள் கடையில் உதவிக்கு நின்றபோது, வரிசையில் நின்ற குழுத் தோழி துசியந்திக்கு அது பொறுக்கவில்லை.

"கரண்ட் நிக்கப்போகுதாம் எண்டு விடிய அனுப்பினனே, நீ ஒருத்தருக்கும் அனுப்பேல்லையோ?"

"நீ கண்டதோ, கேட்டதோ?"

"கேட்டதுதான்."

ஜெயகௌரி அரிசிப் பையை அவள் கையில் கொடுத்தாள். "வீட்டுக் கதவை ஆர் தட்டினாலும் ஆரெண்டு கேட்டுத்தானே திறக்கிறம். மண்டைக்குள்ளை வாறதை மட்டும் ஏன் கேளாமல் உள்ளை விடுறம்?"