வாளியும் குளமும்

ஊருக்கே பொதுவான நீச்சல் குளம் என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று, தண்ணீர் நிற்குமா என்பதுதான் இன்னும் தெரியவில்லை. கட்டியவர் என் அக்கா புருஷன். நிர்வாகம் என் தலையில். குளம் கசிந்தால் தரையை உடைக்க வேண்டும், வேலையும் வேறு ஆளுக்குப் போய்விடும். அத்தான் தன் வீட்டில் சாப்பிட்டதைவிட இந்தக் குளத்துப் பள்ளத்தில் சாப்பிட்டதுதான் அதிகம்.

முதன்முதலாக நிரப்பியபோது பார்த்தேன். அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் சத்தமில்லாமல் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனேன்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குளத்துத் தண்ணீரையே வாளி நிறைய மொண்டு, குளத்துப் படியிலேயே வைப்பார்கள். வெயில் இரண்டையும் ஒரே மாதிரிதான் குடிக்கும். குளம் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தோம். குளம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. வாளியோ ஏறக்குறைய அப்படியே இருந்தது.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. "உடைச்சிடலாம்மா. என் பேரும் அதோட போகட்டும்."

எனக்கு அழுகை முட்டியது. அதை மறைக்க அவரையே திட்டினேன்.

அப்போது குளத்துக் காவல்காரர் குவளையோடு வந்தார். எங்களை ஒதுங்கச் சொல்லி, குளத்தில் மொண்டு வாளியில் ஊற்றினார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"தெனமும் பண்றதுதாம்மா. வெயில்ல குறைஞ்சுடுது. வாளி பத்திரம், வாளி பத்திரம்னு சார் அவ்ளோ சொன்னாரே!"

அத்தானுக்கு அவரை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

மறுபடி நிரப்பினோம். வாளியைச் சுற்றிக் கயிறு கட்டினோம். காவல்காரருக்குக் காவல் நான். வாரம் முடிந்ததும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டார், நான்தான் அளவுகோலை வைத்தேன். வாளி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. குளமும் அதே. மயிரிழை வித்தியாசம் இல்லை.

குளத்தின் அகலத்துக்கு அது நாலைந்து லாரித் தண்ணீர். அத்தனையும் எங்கள் முகத்தைத் தாண்டித்தான் மேலே போயிருக்கிறது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. 

அத்தான் அக்காவுக்குப் போன் போட்டார். "கசியலடி. ஒரு சொட்டுகூடக் கசியல."

"அப்ப அவ்ளோ தண்ணியும் எங்கங்க போச்சு?" என்று அக்கா கேட்டது பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது.

அத்தான் அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு மேகம்கூட இல்லை. போனை என்னிடம் நீட்டினார். அழுதுகொண்டிருந்தார்.