வாழப்பாடிக்குப் போன இடது சக்கரம்

1936-ஆம் வருஷம் தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, அம்மாபேட்டை மருதாசலத்தின் மோட்டார் கார் ஒரே நேரத்தில் வாழப்பாடிக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஊரிலும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாழப்பாடியில் பதினொரு மணிக்கு அது வந்து நின்றபோது ஓர் எருமை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. நாமகிரிப்பேட்டையில் அதே பதினொரு மணிக்கு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர், காயப்போட்ட சரக்கின்மேல் கார்ப்புழுதி படிந்துவிட்டது என்று சத்தம் போட்டார். அம்மாபேட்டைக்காரர்களாகிய நாங்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. ஒரு கேலன் பெட்ரோலில் இரண்டு ஊர் என்றால் லாபம்தானே என்று ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

அந்த வண்டி ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. எட்டுத் தறிக்குச் சொந்தக்காரரான மருதாசலம் 1933-இல் அதை வாங்கினார். தெருவுக்கு முதல் மோட்டார் என்பதால் அதைப் பழுதுபார்க்கத் தெருவே இறங்கியது. விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தோம். கூரைக்கு மெழுகுத்துணி தைத்தோம். கதவுகளுக்கு மயில்கழுத்து நீலம் அடித்தோம். குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சேலை வாங்க வருபவர்களுக்கு முந்தானையை மட்டும் விரித்துக் காட்டியே பழகிய கைகள் எங்களுடையவை. கடைசியில் எலி கடித்த இருக்கைக்கு உறை வேண்டியிருந்தது. மருதாசலம் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மனைவி பூவாத்தாளின் கூறைப்புடவையை எடுத்து வந்து அளவு பார்த்து வெட்டினார். அவள் ஏன் என்று கேட்டதற்கு, அதை நெய்ததே தான்தான் என்றார். தெரு அதை நியாயம் என்றது. இதை எழுதுகிற நானும் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே சொன்னேன். பூவாத்தாள் எங்களோடு வாதாடவில்லை. அடுத்த பஸ் ஏறி, வாழப்பாடியில் இருந்த அண்ணன் சென்னிமலை வீட்டுக்குப் போய்விட்டாள்.

போய்க் கூப்பிட மருதாசலத்துக்கு வாய் வரவில்லை. கோபம் தணிந்தால் தானே வருவாள் என்று நாங்கள் தைரியம் சொன்னோம். இரண்டு வருஷம் சலிக்காமல் சொன்னோம். அவர் தானே பொங்கித் தின்று இளைத்துப் போனார். சாயங்காலம் வாழப்பாடி பஸ் வரும் நேரத்துக்குத் தறியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்பார். கேட்டால் காற்று வாங்குகிறேன் என்பார். அவள் இல்லாமல் அந்த மனிதர் பாதியாகிவிட்டார் என்பது தெரு நாய்க்குக்கூடத் தெரிந்திருந்தது. அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் வண்டியின் முன்சக்கரங்கள் ஆட ஆரம்பித்தன. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த உபகாரசாமியை மாதா கோவில் தெருவிலிருந்து அழைத்து வந்தோம். அவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் தலையையும் காலையும் பிடித்து ஆட்டினார். லொடக்கென்றது. முன் அச்சின் இரண்டு முனையிலும் சக்கரம் திரும்புவதற்கென்று செங்குத்தாக ஓர் இரும்பு முளை நிற்கும். அதற்குக் கிங் பின் என்று பெயர். அதைச் சுற்றி வெண்கலத்தில் ஒரு புஷ் இருக்கும். இங்கே பின் தேய்ந்து, புஷ்ஷின் துளை கோழிமுட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார் உபகாரசாமி. ஆனால் நாங்கள் அம்மனிடம் பூக் கேட்காமல் கிணறுகூட வெட்டமாட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டி அங்காளம்மன் பாதத்தில் வைத்து, பூசாரி தங்கமுத்து ஒன்றை எடுத்துப் பிரிப்பார். கேள்வியை எழுதிக் கொடுத்தது நான்தான். வெள்ளை வந்தால் இடது பின், சிவப்பு வந்தால் வலது பின் என்று தெளிவாக எழுதியிருந்தேன். சிவப்பு வந்தது.

“ரெண்டையும் மாத்தலாமான்னு கேட்டிருக்கலாமுங்களே,” என்றார் உபகாரசாமி. மாதா கோவில் வேதக்காரர் எங்கள் அம்மனைக் கேலி செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் வலது பக்கத்துக்கு மட்டும் புதுப் பின் கடைந்து போட்டார். கழற்றிய பழசைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துக்கொண்டார்.

அம்மாபேட்டையைத் தாண்டியதும் சாலை இரண்டாகும். இடது பக்கம் வாழப்பாடிக்கு, வலது பக்கம் ராசிபுரம் வழியாக நாமகிரிப்பேட்டைக்கு. புதுப் பின் போட்ட வலது சக்கரம் மருதாசலத்தின் கை சொன்னபடி கேட்டது. தேய்ந்த இடது சக்கரத்துக்குக் கை எட்டவில்லை, அது மனசு சொன்னபடி திரும்பியது. அந்தத் தை வெள்ளிக்கிழமை அந்தப் பிரிவில் துணி கிழிவது போல் ஒரு சத்தம் வந்தது. வண்டி இரண்டானது, ஓட்டியவரும் இரண்டு பேரானார். நாமகிரிப்பேட்டைக்குப் போன மருதாசலம் வேட்டி விற்றார். வீட்டில் சௌக்கியமா என்று கேட்ட கடைக்காரரிடம், சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல் என்றார். வாழப்பாடிக்குப் போன மருதாசலம் சென்னிமலை வீட்டு வாசலில் இறங்கி, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “தப்பு என்னுதுதான் பூவாத்தா. பொடவைய நெய்ஞ்சது நானு, ஆனா அது உன்னுது,” என்றார். அவள் சோறு மட்டும் போட்டாள். பொழுது சாய்ந்ததும் இரண்டு வண்டியும் அதே பிரிவுக்குத் திரும்பி வந்து ஒன்றாயின. வீட்டில் இறங்கியவருக்கு நாமகிரிப்பேட்டை மட்டும்தான் ஞாபகம் இருந்தது. இரண்டு மதியச் சாப்பாட்டைச் சுமந்த வயிற்றுக்காகச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்.

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் இது நடந்தது. வாழப்பாடிக்குப் போனவர் தண்ணீர் இறைத்தாராம், பூவாத்தாளின் தறிக்கு நூல்தார் சுற்றிக் கொடுத்தாராம். அம்மாபேட்டையில் குடித்தனம் செய்த காலத்தில் அவர் ஒரு தார்கூடச் சுற்றியதில்லை. வாழப்பாடிப் பெண்கள் அவரைக் காட்டித் தங்கள் புருஷன்மாரை ஏசினார்கள். இதையெல்லாம் கேட்டுவந்த நாங்கள் எங்களால் முடிந்த நல்லதைச் செய்தோம். உங்கள் வண்டியிலேயே எவனோ உங்கள் மனைவியைப் பார்க்கப் போகிறான் என்று அவரிடம் சொல்லிவைத்தோம். மருதாசலம் பல்லைக் கடித்தார். அவன் கையில் கிடைத்தால் காலை ஒடிப்பேன் என்றார்.

பங்குனியில் சென்னிமலை நேரில் வந்தார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார். “தங்கச்சி சொல்லச் சொன்னா மாப்பிள்ளை. ‘இங்க வாரவரு கூட வாரதுக்கு எனக்குச் சம்மதம். ஆனா அந்த ஊட்டுல குடியிருக்கறவரு வேற ஆளாட்ட இருக்குது. ரெண்டு பேரும் ஒரே ஆளா வந்து கூப்புடட்டும்’னு. சித்திரைக்குள்ள வரலீன்னா அவ எதிர்பாக்க மாட்டாளாம்.”

மருதாசலம் நேராக உபகாரசாமியிடம் போய், இடது பின்னையும் புதிதாக மாற்றிவிடச் சொன்னார். அந்த இன்னொருவன் போக்கை நிறுத்துவதுதான் அவர் எண்ணம். உபகாரசாமி வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். “மாத்திப்போட்டா ரெண்டு சக்கரமும் உங்க கைக்குத்தானுங்க கேக்கும். உங்க கை வாழப்பாடிப் பக்கம் ஒரு நாளும் திரும்புனதில்லீங்களே.” மருதாசலம் ஜாக்கிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மறுபடியும் பூக் கேட்கலாம் என்றோம். நான் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துவிட்டேன். வேண்டாம் என்று அவர் தலையாட்டினார். எங்கள் தெருவில் பூ வேண்டாம் என்ற முதல் ஆள் அவர்தான். வெயில் இறங்கும்வரை அப்படியே இருந்துவிட்டு, “வலதுல போட்ட புதுசக் கழட்டிப்போடுங்க. பழசையே மாட்டுங்க,” என்றார். முப்பது வருஷத் தொழிலில் புதுசைக் கழற்றிப் பழசை மாட்டியறியாத உபகாரசாமி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

மறுநாள் காலை மருதாசலம் கிளம்பினார். உதவிக்கு என்று சொல்லிக்கொண்டு, வேடிக்கை பார்க்க நாங்கள் ஏழு பேர் உபகாரசாமியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பின்னால் போனோம். முன்சக்கரங்கள் இரண்டும் குடிகாரன் கால்போல் ஆடின. ஸ்டீரிங் அவர் கைக்குள் சும்மா சுற்றியது. ஆனாலும் பிரிவு வந்ததும் சத்தமில்லாமல் வண்டி முழுசாக இடது பக்கம் திரும்பியது. சென்னிமலை வீட்டு வாசலில் இறங்கியவருக்கு இரண்டு பேருடைய ஞாபகமும் சேர்ந்தே வந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை வாய் சுலபமாகத் திறக்கவில்லை. துண்டை எடுத்தார், மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். திரும்பி ஓடிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளைத் திட்டுவாரோ என்றும் பயமாக இருந்தது.

“நாந்தான் வந்திருக்கேன் பூவாத்தா,” என்றார் கடைசியில். “முழுசா.”

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து, வண்டியில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கியது, புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன். மருதாசலம் வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. நாங்கள் ஏழு பேரும் தள்ளினோம். இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்தோம், வடம் அறுந்தது. உபகாரசாமி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். “பழுது ஒண்ணுமில்லீங்க. மனசுக்கு ஓடுற வண்டி. வர வேண்டிய எடத்துக்கு வந்துருச்சு, இனி எங்க போவும்?” என்றார். பூவாத்தாள் கதவைத் திறந்து இறங்கி, “இருக்கட்டுங்க. எல்லாரும் கை கழுவிட்டுச் சாப்புட வாங்க,” என்றாள்.

எட்டுத் தறியும் வைகாசியில் கட்டைவண்டிகளில் வாழப்பாடிக்குப் போயின. எங்கள் தெரு மறுபடியும் மோட்டார் இல்லாத தெருவானது. வெளியூர்க்காரர்களிடம் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சில வருஷம் சொல்லிக்கொண்டோம். 1942-இல் யுத்தத்துக்கு வண்டி எடுக்க வந்த அதிகாரிகள் அதை இரண்டு நாள் லாரியில் கட்டி இழுத்துப் பார்த்து, அசையாச் சொத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் வீடுகளுக்கு எண் அடிக்க வந்த ஆள், வரிசையில் நின்றதால் அதன் நீலக் கதவிலும் ஓர் எண் அடித்துவிட்டார். 14-அ. கடைசித் தெரு, வாழப்பாடி. அந்த விலாசத்துக்கு எழுதினால் மருதாசலத்துக்கும் பூவாத்தாளுக்கும் கடிதம் சேருகிறது. புடவை விஷயத்தில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு ஒன்று போட்டேன். பூவாத்தாள் பதில் எழுதியிருந்தாள், நேரில் வந்து சொல்லச் சொல்லி.